கூலிக்கு மாரடிக்கிறவன் எந்த இடத்தில் உயிரைக் கொடுக்கத் துணிகிறான்?

நிலவொளி:

நேற்று இரவு ஒரு படம் பார்த்தேன், பெயர் வேண்டாம். ஐந்து பேரைக் கூலிக்கு அமர்த்தி ஒரு ஆபத்தான வேலைக்கு அனுப்புகிற கதை. ஒருவன் குறிபார்த்துச் சுடுபவன், ஒருவன் பூட்டுத் திறப்பவன், ஒருத்தி கம்ப்யூட்டர், ஒருவன் வண்டி ஓட்டுபவன், தலைவன் "இனிமேல் இந்த வேலையே வேண்டாம்" என்று ஒதுங்கி இருந்தவன். இரண்டு மணி நேரம் வெடித்துத் தள்ளினார்கள். முடிந்த பிறகு எனக்கு ஒரே கேள்விதான் மிஞ்சியது: இவர்கள் ஏன் பாதியில் திரும்பிப் போகவில்லை? திட்டம் உடைந்துவிட்டது, அனுப்பியவன் ஏமாற்றிவிட்டான், பணம் வராது என்றும் தெரிந்துவிட்டது. அப்புறமும் உயிரைப் பணயம் வைத்து உள்ளே போகிறார்கள், அதற்குப் படம் கொடுக்கிற காரணம் ஒரு மெதுநடையும் பின்னணி இசையும் மட்டும்தான்.

'கூலிக்கு மாரடிக்கிறது' என்று சொல்வோமே. செத்தவர் யாரென்றே தெரியாதவர் காசு வாங்கிக்கொண்டு ஒப்பாரி வைப்பது. மனசு ஒட்டாத வேலைக்கெல்லாம் அந்தப் பெயர். இந்த வகைப் படங்கள் அந்தச் சொல்லை மறுக்க வந்த படங்கள் என்று நினைக்கிறேன். காசுக்கு வந்தவன் எந்த நொடியில் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்கிறான் என்பதைக் காட்டிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நிற்கும். அது இல்லையென்றால் எத்தனை ஹெலிகாப்டர் எரிந்தாலும் எனக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு அந்த நொடி சரியாக அமைந்தது எதில்? நிஜத்தில் நடந்ததையும் சொல்லலாம்.

கருப்புவெள்ளை:

இந்தக் கேள்விக்கு 1953லேயே பதில் சொல்லிவிட்டார்கள். ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ எடுத்த பிரெஞ்சுப் படம், 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' என்ற ஆங்கிலப் பெயரில் பலருக்குத் தெரியும். எண்ணெய்க் கிணறு தீப்பிடித்து எரிகிறது, அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும் (குலுங்கினாலே வெடித்துவிடுகிற திரவ வெடிமருந்து), கிணறோ 300 மைல் தள்ளி இருக்கிறது. கம்பெனி தன் சொந்த ஆட்களை அனுப்பாது. ஊரில் வேலையில்லாமல், திரும்பிப் போக டிக்கெட்டுக்கும் வழியில்லாமல் கிடக்கிற வெளிநாட்டுக்காரர்களில் நான்கு பேரைப் பிடித்து, ஆளுக்கு 2,000 டாலர் என்று பேசி, இரண்டு லாரியில் ஏற்றி அனுப்புகிறது. இரண்டு லாரி எதற்கு என்றால், ஒன்று போனாலும் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கிலேயே முதலாளி யார் என்பது முழுசாகத் தெரிந்துவிடுகிறது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன் (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). பின்னால் வருகிற லாரியில் மாரியோ ஓட்டுகிறான், பக்கத்தில் ஜோ சிகரெட் சுருட்டுகிறார். தாளை விரலிடுக்கில் பிடித்துப் புகையிலையைப் பரப்பிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒரு காற்று வந்து தாளிலிருந்த புகையிலை அத்தனையையும் ஊதித் தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான். அப்புறம்தான் வெளிச்சம், சத்தம். முன்னால் போன லாரியும் அதிலிருந்த இரண்டு பேரும் இல்லை. முன்னால் என்ன நடந்தது என்று கடைசிவரை காட்டவே மாட்டார்கள். ஒரு கைப்பிடி புகையிலையை வைத்து இரண்டு உயிர் போனதைச் சொல்லிவிட்டார் மனிதர், எத்தனை முறை பார்த்தாலும் என் விரல் நடுங்கும்.

நிலவொளி கேட்ட அந்த நொடி இதற்கு அடுத்து வருகிறது. வெடித்த இடத்தில் குழாய் உடைந்து பள்ளம் முழுக்க எண்ணெய் நிறைகிறது. ஜோ உள்ளே இறங்கி வழி காட்டுகிறார், கால் சிக்கி விழுகிறார், மாரியோ வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சக்கரம் புதைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். நண்பனின் கால்மேலேயே ஏற்றிவிட்டுப் போகிறான். கூலிக்காரன் வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொள்வது எப்போதும் அழகாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், இந்தப் படம் அதன் கோரமான பக்கத்தைக் காட்டுகிறது.

டேங்கர்காரன்:

சினிமா விஷயத்தில் நான் பெரிய ஆள் இல்லை, ஆனால் 22 வருஷம் டேங்கர் ஓட்டியவன் என்பதால் இந்தப் படத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். என் மகன்தான் போட்டுக் காட்டினான். பாதிக்கு மேல் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, எழுந்து நின்றுகொண்டுதான் பார்த்தேன்.

திரவ லோடு எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. டேங்க் அளவோடு நிறைந்திருந்தால் அது அடங்கிக் கிடக்கும். பாதி லோடு இருக்கிறதே, அதுதான் எமன். நீங்கள் பிரேக் மிதிக்கிறீர்கள், வண்டி நின்றுவிடுகிறது, நின்ற பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து உள்ளே இருக்கிற சரக்கு முன்னால் ஓடிவந்து இடிக்கும். நின்ற வண்டியே நகரும். புதிதாக வருகிற பையன்கள் முதல் நாள் சிக்னலில் நின்றதும் யாரோ பின்னால் மோதிவிட்டார்கள் என்று கண்ணாடியைப் பார்ப்பார்கள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடு வைத்திருப்பார்கள், அது முன்பின் அலையைத்தான் குறைக்கும், பக்கவாட்டு அலைக்குப் பெரிதாக உதவாது. அதனால் வளைவுக்குள் போய்விட்டு பிரேக் போடக்கூடாது, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பால் டேங்கரில் கழுவ வேண்டும் என்பதற்காகத் தடுப்பே வைக்காமல் விடுவார்கள், அதை ஓட்டுகிறவன் கால் எவ்வளவு மெதுவாக இறங்கும் தெரியுமா, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி.

எனக்கு எந்த நொடியில் அது என் வேலையானது என்று கேட்டால், சம்பளம் கூடின நாள் இல்லை. ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும், ஒரு நீண்ட இறக்கத்தில் ஒரு நாள் என்னை அறியாமலேயே மூச்சை அடக்கி இருக்கிறேன், சரக்கு அசையாமல் வளைவு கடந்ததும்தான் விட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை, பார்க்கவும் ஆள் இல்லை, நல்லா ஓட்டினாய் என்று சொல்லவும் ஆள் இல்லை. அதற்கு அப்புறம் யார் வண்டி, யார் சரக்கு என்று நான் யோசித்ததே இல்லை.

ஜோவுக்கு அந்தப் படத்தில் பயம் பிடித்துக்கொள்கிறது பாருங்கள், அதைக் கோழைத்தனம் என்று யாரும் எழுதாதீர்கள். ஓட்டுவதற்கும் பயப்படுவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கூலி என்று அந்த மனிதர் ஓரிடத்தில் சொல்வார், அது முழு உண்மை.

சேணம்:

எல்லோரும் கொஞ்சம் கனமாகப் போகிறீர்கள். ஆக்‌ஷன் படத்துக்குப் போகிறவன் காரணம் தேடிப் போவதில்லை, திறமையைப் பார்க்கப் போகிறான். ஒரு குழு சேருவது, ஒவ்வொருவனும் தன் வேலையில் எவ்வளவு கில்லாடி என்று காட்டுவது, திட்டம் போடுவது, அது ஓரிடத்தில் சறுக்குவது, அந்த இடத்திலேயே வேறு வழி கண்டுபிடிப்பது, இதுதான் இந்த வகையின் ருசி. 1998ல் வந்த 'ரோனின்' படத்தில் ஒரு பெட்டியைப் பிடிக்கத்தான் அத்தனை பேரும் அடித்துக்கொள்வார்கள், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள், யாருக்காவது குறையாகத் தெரிந்ததா? அதில் கார் துரத்தல்களுக்கு வலப்பக்க ஸ்டியரிங் வண்டியை வைத்துக்கொண்டு, இடப்பக்கம் பொய் ஸ்டியரிங் பொருத்தி நடிகரை உட்கார வைத்து, நிஜ ஓட்டுநர் நிஜ வேகத்தில் ஓட்டியிருக்கிறார். நடிகர் முகத்தில் தெரிகிற பயம் பாதி நிஜம். அந்தக் கைத்தொழில்தான் எனக்கு வேண்டும். மனமாற்றம், உயிர்த்தியாகம் எல்லாம் வந்தால் வரட்டும்.

நிலவொளி:

சேணம், நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் ரொம்பத் தூரம் இல்லை. டேங்கர்காரன் அண்ணா எழுதியதைப் பாருங்கள், அவருக்கு அந்த நொடி வந்ததே கைத்தொழிலுக்குள்தானே. என் குறை, புதுப்படங்களில் திறமையைக் காட்டுவதே இல்லை, "இவன் உலகத்திலேயே பெரிய ஆள்" என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டு நேராகச் சண்டைக்குப் போய்விடுகிறார்கள்.

அண்ணா, அந்த மூச்சு அடக்கிய பத்தியை நான் இரண்டு தடவை படித்தேன்.

படைவீடு:

நிஜத்தில் நடந்ததைச் சொல்லலாம் என்றீர்கள். முதலில் ஒன்று, கூலிப்படை என்றாலே நாளிதழ் படித்து நமக்கு வேறு ஞாபகம் வரும், நான் சொல்லப்போவது நாடு விட்டு நாடு போய்ப் பணத்துக்குப் போரிடுகிறவர்களை.

1978ல் 'தி வைல்ட் கீஸ்' என்று ஒரு படம். ரிச்சர்ட் பர்ட்டன், ரோஜர் மூர், ரிச்சர்ட் ஹாரிஸ். ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட தலைவர் ஒருவரை மீட்கக் கூலிப்படையை லண்டன் பணக்காரர் ஒருவர் அனுப்புகிறார், பாதியில் அவருக்கு வேறு பேரம் படிந்துவிடுகிறது, ஏற்றிச்செல்ல வந்த விமானம் அவர்கள் கண்முன்னாலேயே ஏற்றாமல் கிளம்பிவிடுகிறது. நிலவொளி தேடுகிற இடம் அந்த ஓடுபாதைதான். கூலி செத்துப்போன நிமிஷம் அது.

அந்தப் படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தவர் மைக் ஹோர். 1919ல் கல்கத்தாவில் பிறந்தவர், 1964ல் காங்கோவில் கூலிப்படை நடத்தியவர். படம் வந்து மூன்றே வருஷத்தில், 1981 நவம்பர் 25ஆம் தேதி, அவரே நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களோடு செஷல்ஸ் தீவின் விமான நிலையத்தில் இறங்கினார், ஆட்சியைக் கவிழ்க்க. பீர் குடிக்கும் நண்பர்கள் சங்கம் உல்லாசப் பயணம் வந்திருக்கிறது என்று வேஷம். ஆளுக்கு ஒரு பை, மேலே அநாதைக் குழந்தைகளுக்கு என்று பொம்மைகள், அடியில் போலித் தட்டு, அதற்குக் கீழே ஏகே 47. பெரும்பாலானவர்கள் சுங்கத்தைத் தாண்டி வெளியே போய்விட்டார்கள். கடைசியில் ஒரு பையை மட்டும் ஒரு சுங்க ஊழியர் சரியாகத் தடவிப் பார்த்தார். அவ்வளவுதான், மொத்தத் திட்டமும் அங்கேயே முடிந்தது. துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஏர் இந்தியா போயிங் 707 ஒன்று பம்பாய் போகிற வழியில் அங்கே இறங்க, அதில் ஏறி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஓட்டச் சொல்லித் தப்பித்தார்கள். பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹோருக்கு விமானக் கடத்தல் வழக்கில் 10 ஆண்டு சிறை, 1985ல் வெளியே வந்தார், 2020ல் நூறு வயதில் இறந்தார்.

இதில் என்னை உறுத்துகிற விஷயம், அவர் ஆட்களில் சிலர் தீவிலேயே விடப்பட்டார்கள், விமானம் அவர்கள் இல்லாமல் கிளம்பிவிட்டது. அப்படிப் பிடிபட்டவர்களில் சிலருக்கு அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது, நல்லவேளை நிறைவேற்றவில்லை, பின்னால் அனுப்பிவிட்டார்கள். படத்தில் எது துரோகமாகக் காட்டப்பட்டதோ, அதே ஓடுபாதைக் காட்சி நிஜத்தில் வேறு மாதிரி நடந்தது.

எழில்:

படைவீடு சார் எழுதியதை மூச்சுவிடாமல் படித்தேன், நன்றி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கதை முழுக்க நாம் கூலிப்படைக்காரர்கள் பக்கமே உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு அந்தச் சுங்க ஊழியர்தான் மனசில் நிற்கிறார். மாதச் சம்பளக்காரர், அவரும் கூலிக்கு வேலை பார்ப்பவர்தான். வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்களை முகம் கோணாமல் அனுப்பிவிட எத்தனை காரணம் இருந்திருக்கும்! ஒரு பையின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார், ஒரு நாட்டின் ஆட்சி தப்பியது. அவரை வைத்து யாராவது படம் எடுத்தால் நான் முதல் நாள் போவேன்.

இன்னொன்று, நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல் இருக்கிறது. கர்ணன் துரியோதனனுக்காகச் செத்தது அது. அதைக் கூலியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். கூலி கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் கணக்கு அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும், செஞ்சோற்றுக் கடன் தீரவே தீராது. இந்தப் படங்களில் கடைசியில் உயிரைக் கொடுப்பவர்கள் முதலாளிக்கு அந்தக் கடனைத் தீர்ப்பதில்லை, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தீர்க்கிறார்கள். வைல்ட் கீஸ் கடைசியில் விமானத்தின் பின்னால் ஓடிவந்து காலில் குண்டு பட்டு விழுகிறாரே ஹாரிஸ், தன்னைச் சுட்டுவிடச் சொல்லி நண்பனிடமே கேட்கிறாரே, எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாத விஷயம் அது. அந்தக் காட்சியில் நான் அழுதேன். அழுத பிறகும், அந்த நாட்டில் அவர்கள் சுட்டுத் தள்ளியவர்களின் பெயர் எனக்கு ஒன்றுகூடத் தெரியாது என்பதும் உறைத்தது.

படைவீடு:

எழில் அம்மா, சரியான இடத்தில் தொட்டீர்கள். சட்டமும் அவர்களைப் போர்வீரனாக ஏற்பதில்லை. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறை, 47ஆவது பிரிவு, கூலிப்படைக்காரனுக்குப் போர்க்கைதி என்ற உரிமை கிடையாது என்று நேராகவே சொல்கிறது. ஆனாலும் அந்தத் தொழில் நிற்கவில்லை. 2004 மார்ச் 7ஆம் தேதி ஜிம்பாப்வேயின் ஹராரேயில் ஒரு போயிங் 727ல் சுமார் எழுபது பேரோடு சைமன் மேன் என்ற முன்னாள் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பிடிபட்டார், ஆப்பிரிக்க நாடான ஈக்வடோரியல் கினியில் ஆட்சியைக் கவிழ்க்கப் போன வழியில், ஆயுதம் ஏற்றிக்கொள்ள நின்ற இடத்திலேயே. 2008ல் 34 ஆண்டு தண்டனை, மறுவருஷம் மன்னிப்பு. பின்னால் இருந்து பணம் போட்டதில் மாட்டிய, முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் தாட்சர் தென்னாப்பிரிக்காவில் 30 லட்சம் ராண்ட் அபராதம் கட்டிவிட்டு, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வெளியே போனார். விமானத்தில் இருந்த சாதாரண ஆட்கள் சிறையில் கிடந்தார்கள்.

ஊற்றுக்கண்:

ஆட்சி கவிழ்ப்பதை விட்டு, நல்ல வேலைக்குக் கூலி வாங்கியவர்களையும் பார்ப்போம். கருப்புவெள்ளை சொன்ன படத்தில் வருகிற மாதிரித் தீயை நிஜத்தில் அணைத்தவர், அதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கர் ரெட் அடேர். அல்ஜீரியப் பாலைவனத்தில் 1961 நவம்பரில் ஒரு எரிவாயுக் கிணறு பற்றிக்கொண்டது, தழல் 450 அடி உயரம், 'சாத்தானின் சிகரெட் லைட்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், 1962 பிப்ரவரியில் பூமியைச் சுற்றிய ஜான் க்ளென் விண்வெளியிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். ஏப்ரலில் அடேரும் அவர் ஆட்களும் வெடிமருந்து வைத்து ஊதி அணைத்தார்கள்.

தீயை எப்படி வெடியால் அணைப்பது என்று கேட்பவர்களுக்கு: வெடிப்பின் அதிர்வு தழலை எரிபொருளிலிருந்து பிய்த்து எறிகிறது, அந்த நொடிக்கு அங்கே காற்றும் இருக்காது, மெழுகுவர்த்தியை ஊதுகிற மாதிரிதான். ஆனால் அதற்கு முன்னால் நாள்கணக்கில் தண்ணீர் அடித்துச் சுற்றியுள்ள இரும்பைக் குளிர வைக்க வேண்டும், பழுத்த இரும்பு ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் திரும்பப் பற்றிக்கொள்ளும்.

நான் எரிவாயு ஆலையில் ஆறு வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தவன், அதனால் எனக்கு வயிற்றைக் கலக்குவது தீ அணைந்த பிறகு உள்ள நேரம்தான். தழல் போய்விட்டது, வாயு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் காதைக் கிழிக்கிற இரைச்சலோடு வந்துகொண்டே இருக்கிறது, அதன் பக்கத்தில் போய் மூடி பொருத்த வேண்டும். இரும்புச் சுத்தியல் எடுக்க முடியாது, பித்தளைச் சுத்தியல்தான், பொறி பறக்கக்கூடாது என்பதற்காக. எங்களிடமும் ஒன்று இருந்தது, தலையெல்லாம் நசுங்கி ஓரம் மடிந்துபோய் இருக்கும், பித்தளை மெத்தென்றிருப்பதால் அடிக்க அடிக்க அதுதான் நசுங்கும். அந்தச் சுத்தியலைக் கையில் வாங்கும்போது யாரும் பேச மாட்டோம்.

படங்கள் எல்லாம் வெடிப்போடு முடித்துவிடுகின்றன. வெடிப்புக்கு அப்புறம் வருகிற அந்த ஒரு மணி நேரத்தை யாராவது எடுக்க வேண்டும்.

சேணம்:

சரி, ஊற்றுக்கண் சொன்ன அந்தப் பித்தளைச் சுத்தியல் ஒன்றைத் திரையில் காட்டினால் நான் நூறு துப்பாக்கியை விட்டுக்கொடுக்கிறேன். ஆனாலும் என் கட்சி மாறவில்லை. சுத்தியலைப் பிடித்தவன் ஏன் பிடித்தான் என்று எனக்கு விளக்க வேண்டாம், எப்படிப் பிடித்தான் என்று காட்டினால் போதும், ஏன் என்பது எனக்கே புரிந்துவிடும்.

கருப்புவெள்ளை:

சேணம், க்ளூஸோவும் அதைத்தான் செய்தார். சாலையை அடைத்துக் கிடக்கிற பாறையில் துளை போட்டு, கொண்டுபோகிற நைட்ரோகிளிசரினிலேயே கொஞ்சம் எடுத்து ஊற்றுவார்கள், அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நிலவொளி:

இன்று 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' படத்தை மறுபடி பார்த்தேன். டேங்கர்காரன் அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். மண்ரோடு வரிவரியாக மேடுபள்ளம் விழுந்து கிடக்கிற இடம் வருகிறதே, ஊர்ந்து போ, இல்லையென்றால் வேகமாகப் போ, நடுவில் போனால் குலுங்கியே வெடித்துவிடும் என்கிறார்கள். ஒரு லாரி ஊர்ந்து போக, பின்னால் இன்னொன்று வேகத்தைக் குறைக்க முடியாமல் வருகிறது. இது நிஜமா, படத்துக்காகச் சொன்னதா?

டேங்கர்காரன்:

நிஜம்தான் தம்பி. அந்த மாதிரி ரோட்டில் மெதுவாகப் போனால் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும். வேகம் கூட்டினால் பள்ளத்தில் இறங்க நேரமில்லாமல் மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவிக்கொண்டே போகும், வண்டி பட்டு மாதிரி ஆகிவிடும், அனுபவித்திருக்கிறேன். ஆனால் படத்தில் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்படிப் போகும்போது டயர் பாதி நேரம் தரையில் இல்லை. பிரேக் மிதித்தால் பிடிக்காது, ஸ்டியரிங் திருப்பினால் கேட்காது. குலுக்கம் நின்றதும் உடம்பு தானாக இளகும், நிம்மதியாகச் சாயத் தோன்றும். நான் அப்போதுதான் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன்.